பொதுப் பூங்காவும் முரட்டுத் துணியும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் களியக்காவிளை. எல்லையைத் தாண்டியதும் கேரளப் பகுதியில் வருவது இஞ்சிவிளை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு பெயர்களும் 'விளை'யில் முடிகின்றன. தமிழில் ஐகாரத்தில் முடியும் அந்தச் சொல் மலையாளப் பலகையில் அகரத்தில் முடிந்து 'விள' ஆகிறது. மலை–மல, தலை–தல, வாழை–வாழ என்று மொழியியல் மாணவர்கள் முதற்பருவத்திலேயே எழுதிப் பழகும் வேறுபாடு இது. 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநில எல்லை, இந்த ஒற்றை உயிரொலியின் மீதே கோடு கிழித்ததுபோல வரைபடத்தில் தோன்றும். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் சிற்றூர்களிலோ ஒரே வீட்டின் முற்றத்தில் இரண்டு ஒலிகளையும் கேட்கலாம்.

விளை என்பது இப்பகுதியில் வெறும் விளைநிலம் அன்று. வீட்டைச் சுற்றியோ வீட்டை அடுத்தோ உள்ள மேட்டு நிலம். தென்னை, பனை, பலா, வாழை, மரச்சீனி எல்லாம் கலந்து நிற்கும் தோட்டம். அதன் முன்னொட்டாக ஒரு பயிரின் பெயரோ மரத்தின் பெயரோ எப்போதோ அதை வைத்திருந்தவரின் பெயரோ வரும். திருவிதாங்கூரின் வருவாய்த் துறைக்கு இந்த நிலத்துக்கு வேறு பெயர் உண்டு. நெல் விளைவது 'நிலம்'. மரம் நிற்பது 'புரையிடம்'. புரையிடத்தில் மரங்களை எண்ணித்தான் வரி. பனையேறியின் ஏணிக்கும் ஏணிக்காணம் என்ற பெயரில் வரி இருந்தது. ஆகவே தென் திருவிதாங்கூரின் உழைப்பாளிக்குத் தோட்டம் என்ற சொல், நிழலையும் மலரையும் நினைவூட்டுவதற்கு முன் கணக்கரையே நினைவூட்டியிருக்கும்.

உழைப்புக்கு வெளியே இருந்த தோட்டங்கள் தெய்வத்துக்கு உரியவை. கோயிலை ஒட்டியது நந்தவனம். அங்கே பூப்பறிப்பதற்கும் உரிமை வேண்டும். காவு என்பது தெய்வமோ நாகமோ உறையும் மரக்கூட்டம். தமிழில் கா என்றாலே சோலைதான். பூங்கா என்ற சொல்லில் அந்தப் பழம்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பேச்சில் காவு என்றால் பலி. மேற்கே போனால் அதே ஒலி மரங்களைக் குறிக்கிறது. எல்லையோரத்துச் சிறுவர்கள் இவ்விரு பொருளையும் குழப்பிக்கொள்ளாமல் வளர்வது, எந்த அகராதியும் விளக்காத ஒரு திறமை.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பலாமரத்தின் அடிமரம் காக்கப்பட்டு வருகிறது. அதன் பெயர் 'அம்மச்சிப் பிலாவு'. 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா, அதற்கு முன் எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களுக்குத் தப்பி அந்த மரத்தின் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது கதை. பின்னர் அவரே அங்குக் கோயில் எழுப்பியதாகவும் சொல்வர். தமிழின் பலா, பழைய இலக்கியத்தின் பலவு, குமரி வழக்கின் பிலாவு, மலையாளத்தின் 'ப்லாவ்' என்று ஒரே மரம் நான்கு ஒலிகளில் நிற்கிறது. அரசனைக் காத்ததால் அந்த மரம் வரலாற்றில் இடம்பெற்றது. அதே மண்ணின் மற்றப் பலாமரங்கள் வரிப் பதிவேட்டில் எண்ணிக்கையாக நின்றன.

இவற்றில் எதுவுமே 'பொது' அன்று. விளை உடையவனுக்கு, புரையிடம் வரிக்கு, நந்தவனம் கோயிலுக்கு, காவு தெய்வத்துக்கு. யாருடையதும் அல்லாத, யாரும் வந்து வெறுமனே உலவிப் போகலாம் என்ற தோட்டம், நெய்யாற்றின்கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே தலைநகரில், 1850களில் உருவாயிற்று. இன்று நேப்பியர் மியூசியத்தையும் மிருகக்காட்சிசாலையையும் உள்ளடக்கி ஏறத்தாழ 55 ஏக்கரில் விரியும் வளாகம் அது. கேரளத்தின் பழைய பொதுப் பூங்கா எது என்று கேட்டால் பலரும் அதைத்தான் சுட்டுவார்கள். அதன் பிறப்பைச் சுற்றுலாக் கையேடுகள் இரண்டே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த இரண்டு வரிக்குள் தென் திருவிதாங்கூர் ஒருமுறையும் வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

1855இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா புரவலராக இருக்க ஓர் அருங்காட்சியகச் சங்கம் தொடங்கப்பட்டது. தலைவர், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜெனரல் வில்லியம் கல்லன். செயலாளர், திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன். கல்லன் திரட்டி வைத்திருந்த கனிமங்களும் பாறைகளுமே முதற்சேகரமாயின. 1857 செப்டம்பரில் பொதுமக்களுக்காக அது திறக்கப்பட்டது. ஆனால் கூட்டம் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல்லைப் பார்க்க யார் வருவார்கள்? கல்லுக்குக் குறைவில்லாத நாடு அது. மக்களை ஈர்ப்பதற்காகவே 1859இல் மிருகங்களும் பூங்காவும் சேர்க்கப்பட்டன. திருவனந்தபுரத்தின் பூங்கா, ஆக, ஓர் அருங்காட்சியகத்துக்கு ஆள் சேர்ப்பதற்காகப் பிறந்தது. இதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் 'பொதுமக்கள்' என்ற தொகுதி எப்படியேனும் கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஒன்றாக அப்போது இருந்தது என்பதை இது காட்டுகிறது.

பிரவுன் சற்று நின்று பார்க்க வேண்டிய மனிதர். ஸ்காட்லாந்துக்காரர். காந்த ஊசியின் அன்றாட அசைவை அளப்பதே அவரது தொழில். அதற்காக 1855இல் அகத்திய மலை உச்சியில் ஒரு கண்காணிப்பு நிலையம் அமைத்தார். இலக்கண முனிவர் உறைவதாகத் தமிழர் நம்பிய மலைமுகட்டில் ஒரு காந்தமானி! அந்த மலைத்தொடரில் பிறக்கும் நெய்யாறுதான் நெய்யாற்றின்கரையைக் கடந்து கடலுக்குப் போகிறது. வானாய்வு தவிரப் பஞ்சாங்கம் வெளியிடுவது, எடை அளவுகளைச் சீர்செய்வது, பூங்கா அமைப்பது என்று பலவற்றில் அவர் கைவைத்தார். அளக்கக்கூடிய எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கல்லனுடைய பெயரும் ஒரு மரத்தில் நிலைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வளரும் ஒரு பெருமரத்தின் பேரினத்துக்குத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 'கல்லெனியா' என்று பெயரிட்டார். முள் நிறைந்த அதன் காய் சிறு பலாக்காய் போலிருப்பதால் தமிழில் வெடிப்பலா, மலையாளத்தில் 'வெடிப்லாவ்'. சிங்கவால் குரங்குக்கு அது முக்கியமான உணவு. ஒரு பலா அரசனின் கதையில் நுழைந்தது. இன்னொரு பலாவில் ரெசிடெண்ட் நுழைந்துகொண்டார்.

இந்த ரெசிடெண்டின் மேசைக்கு வந்த தாள்களில் பாறைப் பட்டியல் மட்டும் இருக்கவில்லை. சங்கம் தொடங்கிய அதே 1855இல் திருவிதாங்கூர் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. பூங்கா உருவான 1858–59இல் தென் திருவிதாங்கூர் எரிந்துகொண்டிருந்தது. நாடார் பெண்கள் தோளையும் மார்பையும் மேலாடையால் மறைக்கலாமா என்பதே சச்சரவு. 1813இல் கிறித்தவராக மாறிய பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி தரப்பட்டிருந்தது. 1829இல் அந்த உரிமை ஒரு வரம்புக்குள் நிறுத்தப்பட்டது. பெண்கள் அந்த வரம்பை மதிக்கவில்லை. சந்தையில், வழியில், அவர்களுடைய துணி கிழிக்கப்பட்டது. 1858 இறுதியிலிருந்து சில மாதங்கள் வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின.

பாறசாலை அப்போது லண்டன் மிஷனின் தென் திருவிதாங்கூர்ப் பணித்தளங்களுள் ஒன்று. அங்கிருந்து பணியாற்றிய ஜான் ஆப்ஸ், திருவிதாங்கூரில் தாம் கழித்த 22 ஆண்டு அனுபவத்தை 1870இல் நூலாக வெளியிட்டார். மிஷனரிமாருக்கு ரெசிடெண்ட் மீது மனக்குறை இருந்தது. அவர் அரசவைப் பக்கமே சாய்கிறார், முறையீடுகளுக்குச் செவிகொடுப்பதில்லை என்றனர். திவான் மாதவ ராவ் கும்பகோணத்தில் பிறந்தவர்; திவானாகும் முன் தென்பகுதியின் பேஷ்காராக இருந்ததால் நிலைமையை நேரில் அறிந்தவர். 1858 டிசம்பரில் அவர் விடுத்த அறிவிப்பு, புதிய ஆணை வரும்வரை பழைய வழக்கத்தை மீற வேண்டாம் என்று ஒரு தரப்பையும், சட்டத்தைக் கையிலெடுக்க வேண்டாம் என்று மறுதரப்பையும் எச்சரித்தது. நடுநிலைபோல ஒலிக்கும் வாக்கியம்தான். ஆனால் பழைய வழக்கமே வழக்காக இருக்கும்போது, அதற்குத் திரும்பச் சொல்வது தீர்ப்பு வழங்குவதேயாகும்.

1859 மார்ச்சில் சென்னையின் ஆளுநராகப் பொறுப்பேற்றார் சார்லஸ் டிரெவெலியன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணத்தைக் கஞ்சத்தனமாக அளந்தவர் என்று ஐரிஷ் நினைவில் நீங்கா அவப்பெயர் பெற்றவர் இவரே. திருவிதாங்கூர் விவகாரத்தில் அவர் வேறு குரலில் பேசினார். அந்த மே மாதத்தில் ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம், நியாயமும் மனிதத்தன்மையும் இந்த அளவுக்கு ஒரே பக்கம் நிற்கும் வழக்கைத் தாம் அரிதாகவே கண்டதாகவும், உறுதியாக நிற்காவிட்டால் நாகரிக உலகமே நம்மை இகழும் என்றும் பொருள்பட அமைந்தது. பெறுநர் கல்லன்: அருங்காட்சியகச் சங்கத்தின் தலைவர். ஒரு கையில் தோட்டத்தின் திட்டம், மறுகையில் இந்தக் கடிதம்.

1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாளின் அறிவிப்பு வெளிவந்தது. நாடார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப்போலக் குப்பாயம் அணியலாம்; எந்த மதத்தவராயினும் முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்; வேறு எவ்விதத்திலும் மார்பை மறைக்கலாம்; மேற்சாதிப் பெண்கள் அணிவதுபோல மட்டும் கூடாது. இதுவே அதன் சாரம்.

இந்த வாக்கியத்தை ஒரு மொழியியல் வகுப்பில் வைத்துப் பிரித்துப் பார்க்கத் தகும். மூன்று அனுமதிகள், ஒரு விலக்கு. மூன்றாம் அனுமதியான 'எவ்விதத்திலும்' என்பது எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. உடனே வரும் விலக்கு, திறந்த கதவின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டுகிறது. உடலை மறைப்பது பற்றிய சண்டையாக அது தொடங்கியது. அறிவிப்போ உடலைப் பற்றிக் கவலைப்படவில்லை. யார் யாரைப்போலத் தோன்றக்கூடாது என்பதே அதன் கவலை. 'போல' என்ற உவம உருபு அணியிலக்கணத்துக்கு மட்டும் உரியதென்று நினைப்பவர்கள் இந்த ஆணையைப் படிக்க வேண்டும். ஓர் அரசு தன் முழு அதிகாரத்தையும் அந்த உருபின் மேல் சுமத்தியிருக்கிறது.

'முரட்டுத் துணி' என்ற சொல்லிலும் ஒரு கசப்பு இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டாரத்தில்தான் பாலராமபுரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராம வர்மாவின் காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர்கள் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். கசவு வைத்த மெல்லிய வெண்ணிறக் கைத்தறிக்கு அவ்வூர் இன்றும் பெயர்போனது. அரச குடும்பத்துக்கு உடுத்தத் துணி அங்கிருந்து போயிற்று. மிக மென்மையான துணி நெய்யப்பட்ட வட்டாரத்தில், அடுத்த ஊர்ப் பெண்ணுக்கு முரடான துணி என்று சட்டம் சொன்னது.

இந்தக் கதைக்குச் சென்னையிலும் ஒரு கிளை உண்டு. கல்லனுக்குக் கடிதம் எழுதிய டிரெவெலியன், அதே 1859இல் சென்னை நகரில் ஒரு பெரும் பூங்காவுக்குத் திட்டமிட்டார். இன்றைய சென்ட்ரல் நிலையத்தை அடுத்து 116 ஏக்கரில் அமைந்த அதன் பெயர் 'பீப்பிள்ஸ் பார்க்', மக்களின் பூங்கா. குளங்கள், நடைபாதைகள், வாத்தியக் குழு நின்று வாசிக்கும் மேடை எல்லாம் இருந்தன. எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியகத்தில் வளர்த்துவந்த விலங்குகளும் அங்கே குடிபெயர்ந்தன. டிரெவெலியன் அடுத்த ஆண்டே வரிக் கொள்கை பற்றிய தகராறில் திரும்ப அழைக்கப்பட்டார். பூங்கா அவரைவிட நெடுநாள் இருந்தது. ஆனால் துண்டு துண்டாகக் கரைந்தது. விக்டோரியா பொது மண்டபம், 1900இல் திறந்த மூர் மார்க்கெட், 1913இல் எழுந்த ரிப்பன் கட்டடம், பின்னர் விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றும் பூங்காவில் ஒரு பகுதியை விழுங்கின. 1985இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்தது; விலங்குகள் வண்டலூருக்குப் போயின. மார்க்கெட் நின்ற இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. மக்களின் பூங்கா என்று பெயரிட்டது மக்களுக்கு உதவிற்றே தவிரப் பூங்காவுக்கு உதவவில்லை. எல்லாமே மக்களுக்கான கட்டடங்கள்தானே என்றால் மறுப்பதற்கில்லை.

திருவனந்தபுரத்துத் தோட்டம் அப்படிக் கரையவில்லை. அது நிலைத்தது. ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'பொது' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்கினர்?

தமிழில் பொது மிகப் பழைய சொல். ஊர்ப் பொதுவிடத்துக்குப் பொதியில் என்றும் மன்றம் என்றும் பெயர்கள் இருந்தன. மலையாளத்திலும் பொதுவழி, பொதுக்குளம் என்றெல்லாம் உண்டு. ஆனால் திருவிதாங்கூரில் 'பொதுவழி' என்பது எல்லாருக்குமான வழியாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசு வழிகளை ராஜவீதி, கிராமவீதி என்று இரண்டாகப் பகுத்துப் பேசத் தொடங்கியது. ராஜவீதியில் எல்லாரும் போகலாம். கிராமவீதியில் சாதி வழக்கம் செல்லும். ஒரு பெயர்ச்சொல் இரண்டாகப் பிளந்து அநீதியைக் காப்பாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். தோட்டத்தின் வாயிலில் காவற்காரன் யாரையும் தடுக்காதிருக்கலாம். பாறசாலையிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவைக் கடந்து அந்த வாயிலை அடைவது யார் என்பதை வழி முன்பே முடிவு செய்துவிடும். பூங்காவின் வரலாறு அதன் வேலிக்குள் தொடங்குவதில்லை. அங்கே போகும் பாதையில் தொடங்குகிறது.

அந்தப் பாதையைத் திறந்த மனிதர் நெய்யாற்றின்கரை வட்டாரத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்தார். அய்யன்காளி. 1893இல் அவர் ஒரு வில்வண்டி வாங்கி, வெள்ளை உடுத்து, தலைப்பாகை கட்டி, பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். புலையர் வண்டியில் ஏறிப் போவது அதுவரை காணாத காட்சி. பின்னர் அவரும் தோழர்களும் சாலையில் நடந்து செல்லும் உரிமைக்காகக் கூட்டமாகப் புறப்பட்டபோது பாலராமபுரத்தின் சாலியர் தெருவில் கைகலப்பு மூண்டது. மென்துணி நெய்த அதே தெரு. ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒரே எதிரி அரண்மனை மட்டும் என்று எழுதுவது எளிது. தெருவின் சாட்சியம் அவ்வளவு எளிதாக இல்லை.

வழிக்குப் பின் பள்ளி. ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலைச் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அந்தப் பள்ளியையே எரித்தனர். இன்று அப்பள்ளி அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. ஏறத்தாழ அந்தக் காலத்திலேயே, 1910இல், நெய்யாற்றின்கரையில் பிறந்த இன்னொருவர், 'சுவதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை, திவானை விமர்சித்ததற்காக நாடு கடத்தப்பட்டார். இந்தியப் பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாற்றில் அவருக்குரிய இடத்தை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் புலையர் குழந்தைகளையும் பிற குழந்தைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்துவதைக் குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பிட்டு எழுதியவரும் அவரே. மீண்டும் ஓர் உவமை! அரசின் கெடுபிடிக்கு எதிராக எழுதிய பேனாவும் 'போல' என்ற இடத்தில் வந்து இடறியது.

இதற்கிடையே தோட்டம் அழகு பெற்றது. 1874இல் பழைய அருங்காட்சியகம் இடிக்கப்பட்டது. சென்னையில் செனட் மண்டபத்தை வடிவமைத்த ராபர்ட் சிசோம் புதிய கட்டடத்தை வரைந்தார். 1880இல் அது முடிந்தது. கேரளக் கோயில்களின் கூரைச் சரிவும் செதுக்கிய மரவேலையும் பல நிறப் பட்டைகளும் கொண்ட அந்தக் கட்டடத்துக்குச் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியரின் பெயர் வைக்கப்பட்டது. கட்டடம் முடிந்தபோது நேப்பியர் பதவியை விட்டுப் போய் எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெயிலை உள்ளே விடாமல் காற்றை மட்டும் விடும் அதன் அமைப்பை இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் வந்து வரைந்துகொள்கிறார்கள். வாத்தியம் வாசிக்க வட்ட மேடை ஒன்றும் வளாகத்தில் இருக்கிறது. மாலையில் காற்று வாங்குவதற்கென்றே ஒரு நகரம் இடம் ஒதுக்கியது என்பதை, விளையில் மாலைவரை வேலை செய்தவர்களின் கண்கொண்டு பார்த்தால் அது எவ்வளவு புதுமை என்று புரியும்.

1935இல் அதே வளாகத்தில் ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அதற்கு ஆலோசகர். ரவி வர்மாவின் தமயந்தியும் சகுந்தலையும் அங்கே சுவரில் நின்றனர். அதற்கு அடுத்த ஆண்டு, 1936 நவம்பர் 12 அன்று, சித்திரைத் திருநாளின் கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது. அரச நந்தவனத்தைவிட அரசப் பூங்கா முன்பே திறந்தது என்பது இந்தக் கால வரிசையில் தெரிகிறது. தெய்வத்தின் கதைகள் சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டுப் பார்வைக்கு வந்த பின்னரே தெய்வத்தின் வாசல் திறந்தது.

பூங்காவின் எல்லைக்கு அருகே பாளையம் பக்கமாக லண்டன் மிஷனின் வளாகம் இருக்கிறது. 1906இல் அங்கே எழுந்த ஆலயத்துக்குச் சாமுவேல் மட்டீரின் பெயர். தென் திருவிதாங்கூரின் சாதிக் கொடுமைகளை ஆங்கில வாசகர்களுக்கு விரிவாக எழுதியவர் அவர். பூங்காவின் மறுபுறம் சாலையோடு போனால் ஒரு கிலோமீட்டருக்குள் வெள்ளயம்பலம். அங்கே 1980இல் இந்திரா காந்தி திறந்து வைத்த அய்யன்காளி சிலை நிற்கிறது. தெற்கே தலைமைச் செயலகத்துக்கு எதிரே மாதவ ராவ் சிலை. அந்த இடத்துக்கே 'ஸ்டாச்யூ' என்று பெயர். ராமகிருஷ்ண பிள்ளையின் சிலை பாளையத்தில். பூங்காவைச் சுற்றி ஒரு மாலை நடையில் இவர்கள் அனைவரையும் சந்திக்கலாம். முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களுள் ஒருத்தியும் அந்த நடையில் எதிர்ப்படுவதில்லை.

1956இல் கணக்கு மாறியது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணியின் தலைமையில் நடத்திய போராட்டத்தின் முடிவில் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளும் வரவில்லை. மேலாடைக்காகப் போராடிய நிலப்பரப்பு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி குமரி மாவட்ட வரலாறாகவும் மறுபாதி கேரள மறுமலர்ச்சி வரலாறாகவும் எழுதப்படலாயிற்று. பாறசாலையில் நடந்ததைத் தமிழ்ப் பாடநூல் தன்னுடையதாகக் கருதுவதில்லை. விளவங்கோட்டில் நடந்ததை மலையாளப் பாடநூல் அடிக்குறிப்பில் தள்ளுகிறது. ஆய்வேடுகளும் பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. ஒரே மிஷன் ஆவணம், ஒரே ரெசிடென்சிக் கோப்பு, ஒரே அறிவிப்பு. இரண்டு நூலகங்களில் இரண்டு தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன.

பூங்காவும் இந்தப் பிரிவினையில் ஒரு பக்கம் போயிற்று. ஏணிக்காணமும் மரவரியும் தந்தவர்களின் பேரப்பிள்ளைகளுள் பாதிப்பேருக்கு அது வேறு மாநிலத்தின் பூங்கா. ஆனாலும் போக்குவரத்து நிற்கவில்லை. 1979இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை திறந்தது. குழித்துறையில் ஏறினால் அடுத்து பாறசாலை, பின்னர் நெய்யாற்றின்கரை. குமரி மாவட்டத்துப் பள்ளிப்பிள்ளைகளின் முதல் சுற்றுலா இன்றும் பெரும்பாலும் அந்த மிருகக்காட்சிசாலைக்குத்தான். சென்னை வண்டலூர் அவர்களுக்கு ஓரிரவுப் பயணம். திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம்.

இந்தப் பூங்காவுக்கு ஒரு பெயரை நிலைநிறுத்த இரு மொழிகளும் முயன்றிருக்கின்றன. மலையாளத்தின் பழைய பெயர் 'காழ்ச்சபங்களாவ்'. காண் என்ற வேரிலிருந்து வந்த காழ்ச்ச, தமிழின் காட்சி. அதனோடு பங்களா சேர்ந்தது. பார்ப்பதற்கென்று கட்டிய வீடு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். உடையவனும் வரியும் தெய்வமும் இல்லாத ஒரு தோட்டத்தை எப்படி அழைப்பது என்று தெரியாமல், அங்கே செய்யக்கூடிய ஒரே செயலைப் பெயராக்கிவிட்ட மக்களின் சொல் அது. நூலறிஞர் எவரும் உருவாக்கியதன்று என்பது கேட்டதும் தெரியும். தமிழில் மிருகக்காட்சிசாலை என்றும் அருங்காட்சியகம் என்றும் எழுதுகிறோம். பூங்கா என்று எழுதினால் அது எந்தப் பூங்கா என்று கேட்பார்கள். எழுத்தில் இப்படி. பேச்சில், தெற்கே மார்த்தாண்டத்திலும் பாறசாலையிலும் வடக்கே பாளையத்திலும், மரங்களும் மிருகங்களும் ஓவியங்களும் வாத்திய மேடையும் நடைபாதையும் சேர்ந்த அந்த வளாகம் முழுவதற்கும் ஒரே சொல்தான். 'மியூசியம்'. பேருந்து நடத்துநரும் அதையே சொல்லித்தான் ஆளை இறக்கிவிடுகிறார்.